பானட் கம்பி

“என் மகன் எங்கிட்டப் பேச மாட்டேங்கறானுங்க” என்றார் சென்னியப்பன்.

“நீங்க?” என்று கேட்டார் தவமணியம்மா.

“நான் பேசாத நாளே கிடையாதுங்களே.”

தவமணியம்மா தலையை ஆட்டிக்கொண்டார். கேள்வி முடிந்தது, பதிலும் வந்தாயிற்று என்பதுபோல எழுந்து, முற்றத்தில் காயப்போட்டிருந்த கொத்தமல்லியைக் கிளறப் போனார்.

சென்னியப்பனுக்கு அது பதிலாகப் படவில்லை. அவர் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

காங்கேயத்துக்குத் தெற்கே, ஊர் முடிந்து தென்னந்தோப்புகள் தொடங்குகிற இடத்தில் தவமணியம்மாவின் வீடு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே ஆட்கள் புத்தி கேட்க வருவார்கள். காவி கிடையாது, மாலை கிடையாது, படத்துக்கு முன்னால் ஊதுவத்தியும் கிடையாது. தவமணியம்மா நூல் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டு வேலையைப் பார்த்தபடியே பேசுவார். பேசாமலும் இருப்பார்.

வருகிறவர் ஒரு தடவைக்கு ஒரு கேள்விதான் கேட்கலாம் என்பது அந்த வீட்டு வழக்கம். யாரும் அதைச் சட்டமாகப் போடவில்லை. இரண்டாவது கேள்வி கேட்டவர்களுக்குப் பதில் வரவில்லை. அதனால் வழக்கமாகிவிட்டது.

குருவுக்கு நாற்பதைத் தாண்டிக் கொஞ்ச வயது. சீடர் சென்னியப்பனுக்கு அறுபது. குரு சீடரை அண்ணா என்பார், சீடர் குருவை அம்மா என்பார். புதிதாக வருகிறவர்கள் முதலில் குழம்புவார்கள், பிறகு அவர்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிடுவார்கள்.

சென்னியப்பன் கரண்ட் ஆபீசில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் எது பழுதானாலும் தானே பார்ப்பார். மோட்டார், மிக்ஸி, தையல் மிஷின், குளியலறைக் குழாய், எதையும் விட்டதில்லை. இத்தனை வருஷத்தில் யாரையும் ‘ஒரு கை பிடி’ என்று கேட்டதில்லை. அது அவருக்குப் பெருமை. கையில் எடுத்ததை முடிக்காமல் கீழே வைக்க மாட்டார். அது வீட்டில் இருப்பவர்களுக்குத் தொந்தரவு.

மகனையும் அப்படித்தான் கையில் எடுத்திருந்தார்.

“பெங்களூர்ல நல்ல கம்பெனிங்க. ஆடி மாசம் பெட்டியோட வந்து எறங்குனான். லீவான்னு கேட்டேன். ம்னான். ஊட்டுல இருந்தே வேலையான்னு கேட்டேன். அதுக்கும் ம்னான். அப்பறம் அந்த ம்மும் நின்னு போச்சுங்க.”

தவமணியம்மா கொத்தமல்லியைக் கிளறிக்கொண்டிருந்தார்.

“அவங்கம்மா இருந்தா எப்படியோ ஓடும். நான் சொல்றத அவ அவங்கிட்டச் சொல்லுவா, அவன் சொல்றத எங்கிட்டச் சொல்லுவா. அவ பெரியவளோட பிரசவத்துக்குப் பல்லடம் போயிட்டா. இப்ப ஊட்டுல நாங்க ரெண்டு பேரும்தானுங்க. சோத்துத் தட்டு சத்தம் மட்டுந்தான் கேக்குது.”

“ம்.”

“புதன்கெழம கெளம்பறேன்னு அவங்கம்மாகிட்ட போன்ல சொல்லியிருக்கறானுங்க. எங்கன்னு சொல்லல. எப்ப வருவேன்னு சொல்லல. எனக்குப் பயமா இருக்குதுங்கம்மா.”

கடைசி வாக்கியத்தை அவர் சொல்ல நினைத்திருக்கவில்லை. வாயிலிருந்து வந்துவிட்டது. வந்த பிறகு, அது உண்மை என்பது அவருக்கே தெரிந்து, கையிலிருந்த துண்டை மடித்து மடித்துச் சின்னதாக்கினார்.

தவமணியம்மா நிமிர்ந்து பார்த்தார்.

“தம்பிகிட்ட என்னங்ண்ணா கேட்டீங்க?”

“எங்க போறேன்னு கேட்டேன். எதுக்குப் போறேன்னு கேட்டேன். வேல இருக்குதா இல்லியான்னு கேட்டேன். யாராச்சும் ஏதாச்சும் சொல்லிப்போட்டாங்களான்னு கேட்டேன். கதவத் தட்டிக் கேட்டேன், சன்னல்ல நின்னு கேட்டேன், வாட்ஸப்புலயும் கேட்டேன்.”

“தம்பி என்ன சொல்லுச்சு?”

“நீல டிக்கு வந்துச்சுங்க.”

தவமணியம்மா கையிலிருந்த மல்லித் தூசியைத் தட்டினார். “வண்டிலயா வந்தீங்க?”

சென்னியப்பனுக்கு ஏமாற்றமாக இருந்தது. மகனைப் பற்றிக் கேட்டால் வண்டியைப் பற்றிக் கேட்கிறாரே என்று நினைத்தார். ஆனாலும் வண்டி என்றதும் அவர் வாய் தானாகத் திறந்துகொண்டது.

“அத ஏனுங்க கேக்கறீங்க. அதுவும் தொறக்க மாட்டேங்குது.”

“எது?”

“பானட்டுங்க.”

*

வண்டி வெளியே வாகை மரத்து நிழலில் நின்றது. பழைய வெள்ளைக் கார். பழசு என்று பார்த்தால் தெரியாது. பானட்டின் நடுவில் சந்தனமும் குங்குமமும் வெள்ளிக்கிழமை வைத்தது அப்படியே இருந்தது. சென்னியப்பனுக்கு அது லட்சுமி. அதன்மேல் யாரும் கை ஊன்றக் கூடாது, பை வைக்கக் கூடாது, சாயக் கூடாது. பெரிய மகளின் நிச்சயத்தன்று சம்பந்தி அதில் சாய்ந்து நின்று போன் பேசினார். சென்னியப்பன் உள்ளே போய் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து சம்பந்திக்குப் பக்கத்தில் போட்டார். சம்பந்தி இன்றுவரை அதை மறக்கவில்லை.

“ஸ்டியரிங்குக்குக் கீழ ஒரு கைப்பிடி இருக்குமுங்க. அத இழுத்தா, கம்பி போயி முன்னாடி இருக்கற கொக்கிய விடும். பானட்டு டொப்புன்னு ஒரு வெரக்கட மேல வரும். கொஞ்ச நாளாவே வரலீங்க. இழுத்துப் பாத்தேன். வேகமா இழுத்துப் பாத்தேன். போன வாரம் ஒரே இழுப்பா இழுத்தனுங்க, கைப்பிடி கையோட வந்துருச்சு.”

“அப்பறம்?”

“விட்டனுங்களா? கம்பி நுனி தொங்கிட்டு இருந்துச்சு. கட்டிங் பிளேயரப் போட்டுப் புடிச்சு இழுக்கறேன். கம்பி பிரிபிரியா வருது, பானட்டு அசைய மாட்டேங்குது. ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்தோணும். சூடு காட்டற முள்ளு மேல ஏறிட்டே இருக்குதுங்க.”

“மெக்கானிக்கு?”

“இதுக்குப் போயி மெக்கானிக்குங்களா” என்றார் சென்னியப்பன், தன்னை யாரோ குறைத்துப் பேசிவிட்டதுபோல.

பேச்சோடு நிற்காமல் செய்தும் காட்டினார். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, தலையை ஸ்டியரிங்குக்குக் கீழே நுழைத்து, பிளேயரால் கம்பியைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். இழுத்துவிட்டு இறங்கி முன்னால் ஓடி, விரலைப் பானட்டின் விளிம்பில் கொடுத்துத் தூக்கினார். அசையவில்லை. திரும்ப ஓடினார், இழுத்தார். திரும்ப முன்னால் வந்தார், தூக்கினார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

தவமணியம்மா பார்த்துக்கொண்டே நின்றார். ஆலோசனை எதுவும் சொல்லவில்லை. அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது.

சென்னியப்பன் மறுபடியும் சீட்டுக்குத் திரும்பியபோது, தவமணியம்மா புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு வண்டிக்கு முன்னால் போனார். இரண்டு கையையும் பின்னால் ஊன்றினார். ஏறிப் பானட்டின் மேல் உட்கார்ந்தார்.

சந்தனப் பொட்டுக்குச் சரியாக ஒரு சாண் தள்ளி.

சென்னியப்பன் கண்ணாடி வழியாகப் பார்த்தார். தான் பார்ப்பது சரிதானா என்று தலையை வெளியே நீட்டியும் பார்த்தார்.

“அம்மா, அது பானட்டுங்க.”

“ஆமாங்ண்ணா.”

“நசுங்கிப் போயிருமுங்க.”

“நான் அத்தன கனமாவா இருக்கறேன்?”

இதற்கு எந்தச் சீடனாலும் பதில் சொல்ல முடியாது. சென்னியப்பன் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். வேறு யாராக இருந்தாலும் நாற்காலி கொண்டு வந்திருப்பார். குருவுக்கு நாற்காலி போட்டு எழுப்ப முடியுமா? தகரம் முனகுகிற சத்தம் அவர் வயிற்றுக்குள் கேட்டது. பார்க்கச் சகிக்காமல் குனிந்துகொண்டார். குனிந்த இடத்தில் கம்பி தொங்கியது, பிளேயர் அதில் கடித்துக்கொண்டிருந்தது. கை சும்மா இருக்கத் தெரியாத கை. போகிறபோக்கில் லேசாக இழுத்தது.

டொப்.

சென்னியப்பன் அப்படியே இருந்தார். இன்னும் இழுக்கவே ஆரம்பிக்கவில்லையே என்று நினைத்தார்.

“ஏதோ சத்தம் கேட்டுதுங்ண்ணா” என்றது பானட்டின் மேலிருந்து குரல்.

“தொறந்துருச்சுங்க போல.”

“நான் எந்திரிச்சுக்கட்டுங்களா?”

தவமணியம்மா இறங்கினார். அவர் இறங்கியதும் பானட் தானாக ஒரு விரற்கடை மேலே வந்து நின்றது.

சென்னியப்பன் முன்னால் வந்து அந்த இடைவெளியைப் பார்த்தார். ஒரு வாரமாக அவர் முழு பலத்தையும் போட்டுப் பார்த்த இடைவெளி.

“எப்படீங்கம்மா?” என்று கேட்டார்.

“காலு வலிச்சுது. உக்காந்தேன்.”

இது ஞானமா, இல்லை உண்மையிலேயே கால்வலிதானா என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. தவமணியம்மாவின் முகத்தில் இரண்டுக்கும் ஒரே அடையாளம்தான் இருந்தது.

சரி, வந்த வேலையைப் பார்ப்போம் என்று பானட்டை நிமிர்த்தி முட்டுக் கம்பு கொடுத்தார். வீட்டுக்குள்ளிருந்து குடத்தில் தண்ணீர் வாங்கி ஊற்றினார். ஆயில் பார்த்தார். சிந்திய தண்ணீரைத் துண்டால் துடைத்தார். துடைத்த இடத்தை இன்னொரு தடவை துடைத்தார். எல்லாம் ஒழுங்காக முடிந்த திருப்தியில் கம்பை மடக்கி, பானட்டை இறக்கி, இரண்டு கையாலும் டம்மென்று மூடினார்.

அந்தச் சத்தம் காதில் விழுந்த பிறகுதான் என்ன செய்தோம் என்று தெரிந்தது.

“மூடிட்டீங்களா?” என்று கேட்டார் தவமணியம்மா.

“பழக்கதோசமுங்க.”

குரு சிரிக்கவில்லை. சிரிக்காமலிருக்கச் சிரமப்பட்டார் என்பது மட்டும் தெரிந்தது.

“அம்மா, சிரமம் பாக்காம இன்னொருக்கா ஏறி உக்காந்தீங்கன்னா…”

“ஊட்டுல ஆளில்லீங்களா?” என்றார் தவமணியம்மா.

கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் உள்ளே போய்விட்டார். கொத்தமல்லி காய்ந்திருந்தது.

*

வரும் வழியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடையில் புதுக் கம்பி ஒன்றை வாங்கிக்கொண்டார். வீட்டுக்கு வந்து வண்டியைப் போர்ட்டிகோவில் நிறுத்தினார்.

மகனின் அறைக் கதவு சாத்தியிருந்தது. காலையில் அவர் மூடிவைத்துவிட்டுப் போன இட்லி மூடியபடியே இருந்தது.

அமுக்க வேண்டும், அமுக்கிக்கொண்டே இழுக்க வேண்டும். விஷயம் அவ்வளவுதான் என்று சென்னியப்பனுக்குப் புரிந்துவிட்டது. இன்ஜினியர் மூளை, புரியாமல் இருக்குமா? அமுக்குவதற்கு ஆள்தான் வேண்டும் என்று யார் சொன்னது?

அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து பானட்டின் மேல் வைத்தார். இடுப்பு பிடித்துக்கொண்டது. மூட்டை ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுச் சரிந்து, வாசலில் விழுந்து, வாய் பிரிந்து, அரிசியைக் கொட்டியது.

அடுத்து, துணி காயப்போடும் மூங்கிலை எடுத்தார். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, ஜன்னல் வழியாக மூங்கிலை வெளியே நீட்டி, அதன் நுனியால் பானட்டை அமுக்கினார். ஒரு கையில் மூங்கில், ஒரு கையில் பிளேயர். பார்க்கிறவர்கள் இருந்தால் வாய்விட்டுச் சிரித்திருப்பார்கள். மூங்கில் வழுக்கியது. சந்தனத்திலிருந்து முன்விளக்கு வரைக்கும் நீளமாக ஒரு கோடு விழுந்தது.

சென்னியப்பன் இறங்கி வந்து அந்தக் கோட்டை விரலால் தடவினார். இத்தனை வருஷத்தில் அந்த வண்டியில் விழுந்த முதல் கோடு. போட்டவர் அவரேதான்.

அவருக்கு அழுகை வந்தது. வண்டிக்காக இல்லை என்று அவருக்கே தெரிந்திருந்தது. இறைந்த அரிசிக்கு நடுவில் வாசல்படியில் உட்கார்ந்தார். புதன்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கிறதா என்று யோசித்தார். ஊட்டுல ஆளில்லீங்களா என்று தவமணியம்மா கேட்டது காதிலேயே நின்றது. கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தால் என்ன சொல்லியிருப்போம் என்று தேடினார்.

எழுந்து போய் மகனின் கதவுக்கு முன்னால் நின்றார். எத்தனையோ தடவை நின்ற இடம். ஒவ்வொரு தடவையும் கையில் ஒரு கேள்வியோடு வந்து நின்றார். இப்போது தேடினாலும் ஒரு கேள்வி இல்லை. இடுப்பு வலிதான் இருந்தது.

தட்டினார்.

“தரணி.”

உள்ளே சத்தமில்லை.

“ஒண்ணும் கேக்க வரல சாமி. பானட்டத் தொறக்கோணும். நான் உள்ள இருந்து இழுக்கறப்ப ஒராளு மேல அமுக்கோணும். என்னால ஒருத்தனா முடியல.”

இப்படி ஒரு வாக்கியத்தை அந்த வீட்டுச் சுவர்கள் கேட்டதில்லை. சொன்னவருக்கே வேறு யாரோ சொன்னதுபோல இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்துக் கட்டில் கிரீச்சிட்டது. தாழ்ப்பாள் விலகியது.

தரணிதரன் தாடியும் கலைந்த தலையுமாக நின்றான். என்னடா இது தாடி என்று சென்னியப்பனின் வாய் கேட்கப் பார்த்தது. விழுங்கிக்கொண்டார்.

“எங்கங்க?” என்றான் தரணி.

*

வாசலில் கொட்டிக் கிடந்த அரிசியைப் பார்த்தான். மூங்கிலைப் பார்த்தான். கோட்டைப் பார்த்தான்.

“கோடு விழுந்திருக்குதுங்க.”

“நாந்தான்.”

தரணி அப்பாவின் முகத்தை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தான். பிறகு இரண்டு கையையும் பானட்டுக்கு மேலே கொண்டுபோய், தொடாமல் நிறுத்தினான்.

“இதும்மேல கை வெக்கலாங்களா?”

ஏழாவது படிக்கையில் கிரிக்கெட் மட்டையை அதன்மேல் வைத்ததற்கு வாங்கிய அடி அவன் கையில் இன்னும் இருந்தது. சென்னியப்பனுக்கு அந்த அடி மறந்துபோயிருந்தது. அவன் கை நின்ற உயரத்தைப் பார்த்ததும் ஞாபகம் வந்தது.

“வெய்யி” என்றார். “நல்லா அமுக்கு.”

அவன் அமுக்கினான். அவர் இழுத்தார்.

டொப்.

தரணி பானட்டை நிமிர்த்திக் கம்பு கொடுத்தான். கொக்கியைக் குனிந்து பார்த்தான். அதன் இரண்டு பக்கமும் புதிதாக இரண்டு தடித்த ரப்பர் கட்டைகள் இருந்தன.

“இந்த ரப்பரு எப்பப் போட்டீங்க?”

“போன மழைக்கு. பானட்டு கடகடன்னு சத்தம் போட்டுட்டே இருந்துச்சு. கேக்க முடியல. ரப்பரு வெச்சேன், நின்னு போச்சு.”

“இதுதானுங்க மேல தள்ளிட்டே இருக்குது. தள்ளத் தள்ளக் கொக்கி இறுகிப் போயிருச்சு. அப்பறம் எத்தன இழுத்தா என்னங்க, எப்படி விடும்? சத்தம் வந்தா வந்துட்டுப் போகுது. ஒரு வண்டின்னா கொஞ்சம் சத்தம் வரும்.”

மாசக்கணக்கில் மகன் வாயிலிருந்து இவ்வளவு நீளமாக ஒரு பேச்சு வந்ததில்லை. சென்னியப்பன் முதலில் குரலை மட்டும்தான் கேட்டார். அர்த்தம் கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்தது. வந்து சேர்ந்ததும் அவர் குனிந்து, தான் வைத்த ரப்பர் கட்டைகளைத் தானே பிடுங்கினார். ஒன்று எளிதில் வந்தது. இன்னொன்று வரவில்லை. அதைத் தரணி எடுத்தான்.

கொக்கிக்குக் கிரீஸ் வைத்தார்கள். இனி கம்பி மாற்ற வேண்டும்.

பழைய கம்பியை உருவி எறிந்துவிட்டால் புதுசுக்கு வழி தெரியாது. அது இன்ஜினுக்குப் பக்கத்தில், ஒயர்களுக்கு அடியில், தகரத்தில் இருக்கும் ஒரு சின்ன ஓட்டை வழியாக உள்ளே வர வேண்டும். அதனால் பழைய கம்பியின் முன் நுனியில் புதுக் கம்பியைக் கட்டிவிட்டால், பழசை உள்ளே இழுக்க இழுக்கப் புதுசு பின்னாலேயே வரும். சுவருக்குள் குழாய் வழியாக ஒயர் இழுத்த காலத்திலிருந்து சென்னியப்பனுக்குத் தெரிந்த வேலை இது. முடிச்சைத் தானே போட்டார். மேலே டேப் சுற்றினார். அது அவருக்கு அழகாக வரும்.

“நான் உள்ள இருந்து இழுக்கறேன். நீ முன்னாடி இருந்து விட்டுக் குடு.”

“மெதுவாங்க. முடிச்சு அத்துக்கும்.”

“தெரியும்” என்றார். சொன்ன பிறகு, “சரி” என்றும் சொன்னார்.

சீட்டில் உட்கார்ந்தார். எதிரே நிமிர்ந்து நின்ற பானட் கண்ணாடி முழுவதையும் மறைத்திருந்தது. அதற்கு அந்தப் பக்கம் மகன் இருந்தான். அவன் முகம் இவருக்குத் தெரியவில்லை. இவர் முகமும் அவனுக்குத் தெரியாது.

“இழுக்கட்டா?”

“இழுங்க.”

இழுத்தார். கம்பி வந்தது.

“நில்லுங்க. ஒயர்ல மாட்டுது. ம், இப்ப.”

இழுத்தார்.

“மெதுவா.”

“மெதுவாத்தான்.”

அந்த வீட்டில் வெகுநாள் கழித்து அப்பாவும் மகனும் பேசிக்கொண்டார்கள். இழுங்க, விடுங்க, நில்லுங்க, அவ்வளவுதான் பேச்சு. சென்னியப்பனுக்கு அதுவே போதும்போல இருந்தது. கம்பி இன்னும் நீளமாக இருந்தால் நல்லது என்றுகூட நினைத்தார்.

பாதி வந்து நின்றுவிட்டது.

“மாட்டிக்கிச்சா?”

“ஓட்டைகிட்ட மாட்டிக்கிச்சுங்க. இழுக்காதீங்க.”

அவர் கை இழுக்கத்தான் பார்த்தது. ஒரே ஒரு சுண்டு சுண்டினால் வந்துவிடும் என்று விரல்கள் சொல்லின. விரல்களை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

முன்னால் ஒயர்களை விலக்குகிற சத்தமும் நின்றுவிட்டது. தெருவில் யாரோ வெங்காயம் விற்றுக்கொண்டு போனார்கள்.

“அப்பா.”

“ம்.”

“நான் லீவுல வரலீங்க.”

சென்னியப்பன் கண்ணாடியை மறைத்து நின்ற பானட்டைப் பார்த்தார்.

“வேலைய விட்டுட்டும் வரலீங்க. அவங்களே அனுப்பிட்டாங்க. எம்மேலதான் தப்பு.”

என்ன தப்பு? எப்போ? யார் அனுப்பினது? எழுதிக் கொடுத்தார்களா? கேள்விகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு அவர் வாய்க்கு வந்தன. அவரையறியாமல் இடது கை கதவைத் திறந்திருந்தது. ஒரு கால் வெளியே போய்விட்டிருந்தது. இன்னும் நாலே எட்டு வைத்தால் அந்தப் பக்கம் போய் அவன் முகத்தைப் பார்த்துவிடலாம்.

“நீங்க ஊரெல்லாம் சொல்லி வெச்சிருந்தீங்க. எப்படீங்க வந்து சொல்றது.”

வெளியே போன காலைச் சென்னியப்பன் உள்ளே எடுத்துக்கொண்டார். கதவைச் சத்தம் வராமல் சாத்தினார். அவர் கண்ணில் நீர் வழிந்தது. அதைத் துடைக்கப் பிளேயரைக் கீழே வைக்க வேண்டும். வைக்கவில்லை.

“புதன்கெழம போறேன்னு அம்மாகிட்டச் சொன்னேன். எங்கன்னு நீங்க தெனமும் கேட்டீங்க.”

“ம்.”

“எனக்கே தெரியலீங்கப்பா. எங்கயாச்சும் போயிர்லாம்னுதான்.”

வெங்காயக்காரர் அடுத்த தெருவுக்குப் போய்விட்டார்.

“நான் இங்கதான் இருக்கறேன் சாமி” என்றார் சென்னியப்பன்.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. ஒயர்களை விலக்குகிற சத்தம் மறுபடி தொடங்கியது.

கொஞ்ச நேரத்தில் அவர் கையிலிருந்த கம்பி மெல்ல அசைந்தது. பிறகு அந்தப் பக்கமிருந்து தள்ளத் தள்ள, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வந்தது.

அவர் இழுக்கவில்லை.